மாத்திரை வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு வயது 34. செய்யாறு பக்கம் கிராமத்தில் இருக்கும் அவருடைய அம்மாவுக்குப் போன வருடம் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தது. அன்று பிடித்த பயம், ‘நமக்கும் வந்துடுமோ?’

அந்த நேரம் பார்த்து செல்போனில் ஒரு விளம்பரம். ‘ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் அண்டாது’ என்றது. தனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து வாங்க நினைத்து போனில் சொன்னார். “வீட்டுப் பின்னாடி முருங்கைமரம் நிக்குது. நீ காசு குடுத்து மாத்திரை வாங்குறியா?” என்றார் அம்மா.

அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. உடலில் உருவாகும் ‘ஃப்ரீ ராடிக்கல்’கள் மரபணுவைச் சேதப்படுத்தக்கூடியவை. அவற்றை அடக்குபவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். நெல்லிக்காயில் வைட்டமின் சி, முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் பீட்டா கரோட்டின், தக்காளியில் லைகோபீன் என்று நம் சமையலறையிலேயே இவை இருக்கின்றன. ரத்தத்தில் கரோட்டின் வகைச் சத்துகள் அதிகமுள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் குறைவு என்று, 8 ஆய்வுகளைத் தொகுத்த 2012 அறிக்கை சொன்னது. ஆனால், கீரை சாப்பிட்டால் நோய் வரவே வராது என்று இதற்கு அர்த்தமில்லை.

மாத்திரையின் கதை வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாக வந்திருந்தது! புற்றுநோயைத் தடுக்க சத்து மாத்திரைகளை நம்ப வேண்டாம் என்பதே உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

மாத்திரை ஆர்டரை விட்டுவிட்டு, ஷிஃப்ட் இல்லாத நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார் அவர். “அம்மாவுக்கு இருந்திருக்கு, நீங்க விடாம வந்து காட்டணும்மா” என்றார் நர்ஸ். பரிசோதனைக்குக் காசு வாங்கவில்லை.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் குறைந்தது.

தட்டில் தினமும் கீரையும் காயும் பழமும் இருக்கட்டும். 30 வயதைத் தாண்டியவர்கள் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். கட்டி, தோலில் குழிவு, காம்பில் ரத்தக்கசிவு தெரிந்தால் உடனே போங்கள். ‘வலிக்கலையே’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.