எதிர்வீட்டு வெள்ளை நாய்

லாச்சப்பலில் எமக்கு எதிர்வீட்டில் வசித்த மதாம், 2019 ஆம் ஆண்டு யூலை மாதம் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தபோது, தம் வீட்டுத் திறப்பையும் பஞ்சுப்பொதி போன்ற தம் நாயையும் எம்மிடம் ஒப்படைத்தார். ஊரில் நாய் வளர்த்தவர்கள்தானே என்ற துணிவில் நாமும் ஏற்றுக்கொண்டோம். முற்றத்தில் படுத்து, மிஞ்சிய சோற்றை உண்டு, வேலிப் பொட்டுக்குள்ளால் போய்வரும் நாயையே நாம் அறிந்திருந்தோம். இது வேறு.

இதன் இனம் சமோயெட். ரஷ்யாவின் வடகோடியில் துருவ மான்களை மேய்த்து வாழும் நெனெற்ஸ் முதலிய மக்கள் வளர்த்த இனம். மந்தை மேய்க்கும், சறுக்குவண்டி இழுக்கும், இரவில் கூடாரத்தினுள் குடும்பத்தோடு உறங்கும். ஆதலால் தனிமை இதற்கு ஆகாது. நாம் வேலைக்குச் சென்ற முதல் நாளே குரைத்துத் தீர்த்துவிட்டது. கீழ்வீட்டார் வந்து முறையிட்டனர். வாடகை வீட்டில் நாய் வளர்ப்பதை ஒப்பந்தத்தால் தடுக்கமுடியாதென 1970 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. ஆயின், அயலவர்க்கு இடையூறு செய்ய அது இடந்தரவில்லை.

யூலை 25 அன்று பரிஸில் வெப்பம் 42.6 பாகையைத் தொட்டது. நாய் குளியலறைத் தரையில் நாக்கு வெளித்தள்ளக் கிடந்தது. உணவைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாம் செய்யத் துணிந்ததை இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கின்றது. சலூன் வைத்திருக்கும் நண்பரிடம் மயிர்வெட்டும் மெசினை இரவல் வாங்கிவந்து, முழுவதையும் மழித்துவிட ஆயத்தமானோம். மகள் அழுதபடி மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மழிக்க வேண்டாம்!" என்றார் அவர். சமோயெட்டின் மயிர் ஈரடுக்கு: உள்ளே மென்மயிர், வெளியே நீண்ட மயிர். வெளியடுக்கு குளிரை மட்டுமன்றி வெயிலையும் தடுக்கும். மழித்தால் முன்போல் வளராமலும் போகலாம். நாய்க்கு எம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றும். வயிற்றையும் பாதங்களையும் குளிர்ந்த நீரால் நனைத்து, மின்விசிறியை வைத்து, உடனே கொண்டுவரும்படி பணித்தார். போர்வையில் கிடத்தி நால்வராய்ப் படியிறக்கினோம். பிழைத்துக்கொண்டது.

அதன்பின் நடை அதிகாலையிலும் நள்ளிரவிலும் மட்டுமே. உதிரும் உள்மயிரை நாள்தோறும் சீவி எடுத்தோம். ஒருமுறை சீவினால் ஒரு கடைப்பை நிறையும். அதனை நூலாக நூற்றுப் பின்னுவோரும் உளராம். எமக்கோ அது கறிச்சட்டிக்குள் விழாமற் காப்பதே பெரும்பாடு.

செப்ரெம்பரில் மதாம் நலமாகத் திரும்பினார். நாய் எம்மை மறந்து அவரிடம் ஓடிற்று.

அன்று தொட்டு எம் பிள்ளைகள் அதேபோல் ஒன்று வேண்டுமென்கின்றனர். 2022 ஒக்ரோபர் முதல், முதன்முறை நாய் பெறுவோர் ஏழு நாட்கள் முன்னதாகவே தம் கடமைகளை அறிந்ததாகச் சான்றிதழில் ஒப்பமிட வேண்டும் என்று சொல்லிப்பார்த்தோம். "ஒப்பமிடுங்கள் அப்பா" என்றாள் மகள். காலை ஐந்து மணிக்கு யார் வெளியே கூட்டிச்செல்வது என்று கேட்டோம். அதற்கு மட்டும் இன்னும் மறுமொழி வரவில்லை.