அண்ணாச்சி கடையின் தரைத்தளம்

ஜனவரி 10, 2025

பொங்கல் சாமான் வாங்கப் போனபோதுதான் அண்ணாச்சி சொன்னார். வீட்டுக்காரர் பில்டரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். மே மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்துகொடுக்க வேண்டும். பச்சரிசியை நிறுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"வேற எடம் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாக்காம இருப்பனா டீச்சர்? அட்வான்ஸ் கேட்டாலே தலை சுத்துது. கிலோ பருப்புல ரெண்டு ரூவா மூணு ரூவா நிக்கும். அத வச்சு அந்த வாடகையக் கட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

நான் கல்யாணமாகி மேற்கு மாம்பலத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கடை அங்கே இருக்கிறது. வீட்டின் முன்னறையையே கடையாக மாற்றிய பழைய கட்டடம். மேலே வீட்டுக்காரர் குடும்பம். கீழே கடை, பக்கத்தில் ஒட்டினாற்போல இஸ்திரிக்காரர். வீட்டுக்கு வந்து சாமான்களை எடுத்துவைத்தபோது ஏலக்காய் விட்டுப்போனது தெரிந்தது. கேட்க மறந்தது நானா, போட மறந்தது அவரா, தெரியவில்லை.

ஜனவரி 19

லேக் வியூ சாலையிலிருந்து ஆரிய கவுடா சாலைவரை உள்தெருக்கள் வழியாகவே நடந்தேன். மூலைக்கு மூலை இருந்த மளிகைக் கடைகள் எங்கே போயின என்று பார்ப்பதற்காகவே போனேன். வெற்றிலை பாக்கும் பூஜை சாமானும் விற்ற கடை, அப்பளக் கட்டும் வடாமும் கிடைத்த கடை, மாவு மில்லோடு சேர்ந்த கடை. இவை இருந்த ஒவ்வொரு இடத்திலும் இன்று தூண்களும் கார்களும்தான் நிற்கின்றன.

சூப்பர் மார்க்கெட் வந்ததால் அண்ணாச்சி கடை அழிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகக்கூடப் படவில்லை. ஃபுட்வேர்ல்டு 1996இல் சென்னைக்கு வந்தது. சுபிக்ஷா 1997இல் திருவான்மியூரில் தொடங்கித் தெருவுக்குத் தெரு கிளை பரப்பியது. சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2012இல் மத்திய அரசு கதவு திறந்தது. தமிழக அரசு எதிர்த்து நின்றது. சுபிக்ஷா 2009இல் மூடிப்போனது. அத்தனைக்கும் எங்கள் அண்ணாச்சி தாக்குப்பிடித்தார். வியாபாரத்தில் அவர் யாரிடமும் தோற்கவில்லை. அவருடைய காலுக்குக் கீழே இருந்த தரைதான் போய்விட்டது.

கணக்கு எளிமையானது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனையின் பரப்பைப் போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்காக்கின. உடனே பழைய வீடுகளை இடித்துக் கட்டுவது லாபமாகிவிட்டது. தூண்கள்மேல் எழுப்பும் கட்டடத்தில் கீழே வரும் வண்டி நிறுத்துமிடம் அந்தக் கட்டுமானப் பரப்பில் சேராது. அதே இடத்தில் ஒரு கடை வைத்தால் சேரும். கடைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சதுர அடியும் மேலே வீடாக விற்கக்கூடிய சதுர அடி. எந்த பில்டர் கொடுப்பார்?

கடையை வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவே இல்லை. காருக்கு இடம் வேண்டும் என்று எல்லாரும் தனித்தனியாக முடிவெடுத்தோம்.

பிப்ரவரி 8

மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம். அண்ணாச்சி பழைய கதை பேசினார். நாசரேத் பக்கம் ஒரு சிற்றூர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, சொந்தக்காரர் கடைக்கு வேலைக்கு வந்தவர். கடையிலேயே சாப்பாடு, அரிசி மூட்டை மேலேயே படுக்கை. சம்பளத்தைக் கையில் வாங்கியதில்லை, முதலாளியிடமே சேர்ந்தது. வருஷக் கணக்கில் சேர்ந்த அந்தப் பணமும் முதலாளி வாங்கிக்கொடுத்த கடன் சரக்குமாக இந்தக் கடை தொடங்கியது. பிறகு இவர் கடையில் வேலை பார்த்த பையன்கள் போரூரிலும் ஆவடியிலும் கடை போட்டார்கள்.

தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து சென்னையின் தெருக்களுக்கு அரிசி பருப்பு அளந்தவர்களில் பெரும்பாலானோரின் கதை இதுதான். முதலாளியாவதற்கான பயிற்சியும் முதலும் ஒரே இடத்தில் கிடைத்த ஏற்பாடு. அவர்களில் பலர் சார்ந்த நாடார் சமூகத்தின் வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுவில் ஒதுக்கியதால்தான் விருதுநகரில் 1885இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பிற்காலத்தில் காமராஜர் படித்த பள்ளி அது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. இன்று அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. சில்லறைக் கடையின் கல்லாவிலிருந்து பள்ளிக்கூடமும் வங்கியும் வந்த வரலாற்றை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் இடம் தந்ததில்லை. அது எனக்கு நெடுநாள் வருத்தம்.

காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் பருப்புக்கும் மிளகாய்க்கும் அண்ணாச்சி பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குத்தான் போவார். ஒரு பிடி துவரம்பருப்பை உள்ளங்கையில் பரப்பி, ஊதிப் பார்த்து, ஒன்றைக் கடித்துப் பார்த்தபிறகே மூட்டைக்கு விலை பேசுவாராம். "இந்தப் பருப்பு இன்னிக்கு வேகாது டீச்சர், அடுத்த வாரம் புதுசு வருது, காக்கிலோ மட்டும் வாங்கிட்டுப் போங்க" என்று அவர் எத்தனையோ முறை தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 18

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் இன்று அண்ணாச்சி கடை மூடுவதைப் பற்றி என்னிடம் கோபமாகவே பேசினாள். "உங்களுக்கென்னம்மா, போன்ல அமுக்குனா பத்து நிமிசத்துல வந்துரும். நான் நூறு பருப்பும் அம்பது புளியும் எங்க போய் வாங்குவேன்?"

ரேஷனில் கிலோ முப்பது ரூபாய்க்குத் துவரம்பருப்பும் லிட்டர் இருபத்தைந்து ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைக்கின்றன. மாதம் பாதிக்குள் பருப்பு தீர்ந்துவிடும். பிறகு அன்றன்றைக்கு வரும் காசில் அன்றன்றைய குழம்புக்கு வாங்குவாள். பத்து ரூபாய்க்கு மிளகாய், ஐந்து ரூபாய்க்குக் கடுகும் சீரகமும் ஒரே பொட்டலத்தில். இப்படிச் சில்லறையாக வாங்குவதில் வரியும் மிச்சம்: சாக்கிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கு ஜிஎஸ்டி இல்லை. பெயர் அச்சிட்டு 25 கிலோவரை அடைத்து விற்கும் பைக்கு 2022 ஜூலை 18 முதல் ஐந்து சதவீதம் வரி. அவள் சொன்ன அந்தப் பத்து நிமிடச் சாமானுக்காகப் பக்கத்துத் தெருவில் ஷட்டர் போட்ட கிடங்கு ஒன்று வந்திருக்கிறது. வாசலில் எந்நேரமும் டெலிவரிப் பையன்கள் பைக்குடன் காத்திருக்கிறார்கள். அந்தக் கிடங்குக்குள் வாடிக்கையாளர் யாரும் நுழைய முடியாது. அங்கே ஐம்பது கிராம் புளி என்று ஒரு சரக்கே கிடையாது.

எனக்குப் போவது ஒரு வசதி, பழகிய முகம். அவளுக்குப் போவது இரவுச் சாப்பாடு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுப் பழைய கடைகளைப் பற்றி ஏங்கி எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஏப்ரல் 6

அண்ணாச்சியிடம் கடன் எழுதும் பற்று நோட்டைப் பற்றிக் கேட்டேன். நீளவாட்டில் தைத்த நோட்டு. வீட்டு எண்தான் தலைப்பு, பெயர் இல்லை. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்து கரண்டும் போனும் ஏடிஎம்மும் செத்துக்கிடந்த நாட்களில், நனையாத மேல் அலமாரிச் சரக்கு முழுவதும் இந்த நோட்டில் எழுதித்தான் போயிற்று. அடுத்த ஆண்டு நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றபோதும் அப்படியே. வங்கி வாசலில் நாங்கள் வரிசையில் நின்ற வாரங்களில் இந்தத் தெருவில் அடுப்பு எரிந்தது அந்த நோட்டால்தான்.

"வராத பாக்கி நிறைய இருக்குமே அண்ணாச்சி?"

"இருக்கும். வீடு மாறிப் போனவிய கொஞ்சம் பேரு. செத்துப் போனவியளும் உண்டு. அதப் போயி யாருகிட்ட கேக்க?"

மே 5

வணிகர் தினம். தமிழகமெங்கும் கடைகளுக்கு விடுமுறை. அண்ணாச்சி கடையும் மூடியிருந்தது. பால் வாங்கப் போனவர்கள் "அதுக்குள்ள காலி பண்ணிட்டாரா?" என்று என்னிடம் விசாரித்தார்கள்.

மே 29

சரக்கை ஆவடிக்காரர் எடுத்துக்கொண்டார். தகர டின்கள் எடைக்குப் போயின. மின்னணுத் தராசை இஸ்திரிக்காரரின் மைத்துனர் விலைக்கு வாங்கினார். தள்ளுவண்டியில் காய் விற்கிறவர். கடந்த வாரம் முழுவதும் மக்கள் வந்து பாக்கியைக் கட்டியபடி இருந்தார்கள். வேலைக்கு வரும் பெண் நானூற்றுச் சொச்சம் கட்டினாள். அண்ணாச்சியின் மகன் சோழிங்கநல்லூரில் கணினி வேலையில் இருக்கிறான். அவர் அவனோடு இருக்கப் போவதில்லை. "பிளாட்டுல உக்காந்து என்ன செய்ய? ஊருக்குத்தான் போறேன். அங்கன கொஞ்சம் பனை நிக்கி" என்றார். கடைசியாக நான் வாங்கியது பெருங்காயம். பணம் வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

ஜூன் 15

எங்கள் குடியிருப்பையும் இடித்துக் கட்டும் பேச்சு தொடங்கிவிட்டது. இன்று மொட்டை மாடியில் கூட்டம். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். பன்னிரண்டு வீட்டில் எட்டு. நான் சம்மதிக்கிறேன், ஆனால் தெருவைப் பார்த்து ஒரு மளிகைக் கடைக்கு இடம் விட வேண்டும் என்றேன். குடியிருப்புப் பகுதியில் அன்றாடச் சாமான் விற்கும் சிறு கடையைச் சென்னையின் மாஸ்டர் பிளான் அனுமதிக்கவே செய்கிறது. எட்டுக்குப் பத்து அறை என்றால் எண்பது சதுர அடி. பன்னிரண்டு பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஏழு சதுர அடிகூடக் குறையாது. வாடகை சங்கத்துக்கு வரும். அதை வெளிச்சந்தையைவிடக் குறைவாக வைக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

ஒரு கார் நிறுத்துமிடம் போய்விடுமே என்றார் செயலாளர். மூன்றாம் மாடிக்காரரும் கீழ்வீட்டு மாமியும் என் பக்கம் பேசினார்கள். மற்றவர்கள் யோசிக்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் ஜூலை 13. அதற்குள் வரைபடம் போடுகிறவரைப் பார்த்து, முன்பக்க மூலையில் அந்த அறையைக் குறித்து, எந்தத் தூணை நகர்த்தினால் காருக்கும் இடம் கிடைக்கும் என்று எழுதி வாங்க வேண்டும். கூட வருவதாக மூன்றாம் மாடிக்காரர் சொல்லியிருக்கிறார். போரூரில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் பழைய பையனிடமும் பேசிவிட்டேன். இடம் கிடைத்தால் தம்பியை அனுப்புவதாகச் சொன்னார்.