ஆற்றியது யார்?

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கும் பகுதியை நடத்தும்போது ஒரு சொல்லில் கொஞ்சம் நின்றுவிடுவேன்: ஆற்றி. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகிறார்கள். பிறகுதான் அடையைக் கலந்து இரண்டு பகல், இரண்டு இரவு விடுகிறார்கள். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் நுரைக்க வேண்டியது செத்துப்போகும். காபி ஆற்றுகிற நமக்கு அந்தச் சொல் இன்னும் கையில் இருக்கிறது. ஆற்றியது யார் என்பதுதான் பாட்டில் இல்லை. வினையெச்சங்கள் வரிசையாக வருகின்றன, எழுவாய் தோன்றவில்லை.

எம்.ஏ.வில் என்னோடு படித்தவள் இங்கிலாந்தில், லீட்சில் இருக்கிறாள். அங்கே 1963 முதல் வீட்டுத் தேவைக்கு பீர் வடிக்க உரிமம் வேண்டாம். (நம் ஊரில் போலீஸ் வரும்.) கராஜில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், அதற்கு வெளியே ஒரு தெர்மோஸ்டாட், உள்ளே 20 லிட்டர் வாளி. போன கோடையில் நான் போயிருந்தபோது அது படுத்திக்கொண்டிருந்தது. தெர்மோஸ்டாட்டில் 19 டிகிரி வைத்திருக்கிறாள். ஃப்ரிட்ஜ் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. பீர் மட்டும் 23.

“காத்தோட சூட்டை அளந்துக்கிட்டு இருக்கேன்டி, பீரோடதை இல்ல” என்றாள். காற்று சட்டென்று குளிர்ந்துவிடும். 20 லிட்டர் மெல்லத்தான் இறங்கும்; நொதிக்கும்போது தானே சூட்டையும் கிளப்பும். உள்ளே தொங்கிய சென்சாரை எடுத்து, வாளியின் பக்கவாட்டில், பீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டினாள். 1 டிகிரி ஏறினால்தான் ஓட வேண்டும், நின்றால் 5 நிமிடம் கழித்தே மறுபடி ஓட வேண்டும் என்று மாற்றினாள்; இல்லாவிட்டால் கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும். மறுநாள் 19.

சனிக்கிழமை விருந்து. முந்தைய தடவை வடித்ததைக் குடித்துவிட்டு, “அண்ணா, பிரமாதம்! என்ன ஈஸ்ட்?” என்று அவள் கணவரிடம் கேட்டார்கள். அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, மறுக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று பேரைக் கராஜுக்குக் கூட்டிப்போய் ஃப்ரிட்ஜைக் காட்டினார். இவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். (பாட்டிலும் கள்ளுக்குச் சுட்ட மீன்தான்.)

அந்த நாட்டிலேயே 1300 வாக்கில் ஏல் வடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; 1600க்குள் அது ஆண்கள் தொழிலாகிவிட்டது. ஜூடித் பென்னட் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஹாப்ஸ் சேர்த்த பீர் நாள்பட நின்றது. பெரிய அளவில் வடித்து விற்க முடிந்தது. அதற்கு முதல் வேண்டும். பெண்கள் கையில் முதல் இல்லை.

தோழிக்கு இப்போது அடுத்த தலைவலி. தெளிவதற்காக 2 டிகிரிக்கு இறக்கும்போது உள்ளே வாயு சுருங்கி, வெளிக்காற்றை இழுக்கிறது. பீரில் அட்டைப்பெட்டி வாடை. நொதிக்கையில் வரும் வாயுவையே ஒரு பையில் பிடித்துவைத்து, அதை இழுக்கவிடலாமா என்று பார்க்கிறாள். வாடை எதனால் என்று விருந்தாளி ஒருவர் கேட்டாராம்.

“அண்ணாவையே கேளுங்கன்னு சொல்லிட்டேன்டி.”