70 வளைவுகளுக்குக் கீழே ஒரு பட்டறை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லுகின்ற சாலை, காரவள்ளி என்னும் அடிவாரத்தை அடைந்ததும், 70 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து மேலே ஏறத் தொடங்குகிறது. மலையில் விளைகின்ற மிளகும் பலாவும் அன்னாசியும் வாழைத்தார்களும் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குவதும், சமவெளியின் அரிசியும் சிமெண்டும் கம்பியும் மலைக் கிராமங்களுக்கு ஏறுவதும் பெரும்பாலும் பிக்கப் என்று எல்லோரும் சொல்லுகின்ற சிறு சரக்கு வண்டிகளால்தான். ஆகவே, இம்மலையை நம்பிப் பிழைக்கின்றவர்களின் க்ஷேமம், அவ்வண்டிகளின் முன் சக்கரங்களுக்கு நடுவே மண்ணும் கிரீஸும் படிந்து கிடக்கின்ற சில இரும்புத் தண்டுகளைப் பொறுத்திருக்கிறது. அந்தத் தண்டுகளைப் பரீட்சித்துச் செப்பனிடுகின்ற மனிதர்களைக் காண வேண்டும் என்ற ஆவலால், சேந்தமங்கலம் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் சென்று அமர்ந்திருந்தேன்.

லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலுக்காக நாமக்கல்லை நாடு முழுவதும் அறியும்; அந்தப் பெரிய தொழிலின் நிழலில் இத்தகைய சிறு பட்டறைகள் எத்தனையோ பிழைத்து வருகின்றன. இங்கே தலைமைத் தொழிலாளியை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைத்தார்கள். அவரிடம் வேலை செய்கின்ற பையன்கள் இருவரில் ஒருவன் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷ மோட்டார் மெக்கானிக் படிப்பை முடித்தவன். மற்றவன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துத் தேய்மானத்தைக் கண்டு சொல்லுகின்ற காரியத்துக்கு மேஸ்திரி அனுப்புவது பெரும்பாலும் இரண்டாமவனைத்தான்.

மத்தியான்ன வேளையில் வந்து நின்ற ஒரு பிக்கப்பிலிருந்து இறங்கிய இளம் டிரைவர், "ஸ்டியரிங் லூஸா ஆடுதுங்க மேஸ்திரி. பாக்ஸ் ஸ்குரூவை ஒரு திருகு டைட் வெச்சுக் குடுத்தீங்கன்னாப் போதும். சாயங்காலம் மேல வாழைத்தார் லோடு இருக்குதுங்க" என்றார். மேஸ்திரி அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. பையனை அடியில் போகச் சொல்லிவிட்டு, தாம் ஆசனத்தில் ஏறி அமர்ந்து, என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைத்தார். கீழே பையன் ஒவ்வொரு மூட்டின் மீதும், இணைகின்ற இரண்டு உறுப்புகளையும் தொடும்படி உள்ளங்கையைப் பதித்து வைத்துக்கொண்டான். இரண்டும் ஒன்றாக அசைந்தால் மூட்டு நல்ல நிலையில் இருக்கிறது. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் அங்கேதான் ஆட்டம் இருக்கிறது. ஆட்டம் கண்ட பல்லை நாக்கு தானே தேடிப் போய்த் தொடுவதுபோல, அவன் கை அலையாமல் டிராக் லிங்கின் நுனியில் போய் நின்றது. பிறகு ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் இரு பக்கங்களையும் பிடித்து அசைத்தார்கள். டை ராடு எண்டிலும் தேய்மானம் தெரிந்தது. மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தபோது ஆட்டம் இல்லை. ஆதலால் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கின்ற கிங் பின்னும் வீல் பேரிங்கும் தப்பித்தன.

இந்த உறுப்புகளின் அமைப்பை அங்கேயே கைகாட்டி விளக்கினார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதன் தண்டு பாக்ஸுக்குள் இருக்கின்ற திருகு மரையைச் சுழற்றுகிறது. பாக்ஸிலிருந்து தொங்குகின்ற டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடி, டிராக் லிங்கைத் தள்ளுகிறது. அது ஒரு பக்கச் சக்கரத்தைத் திருப்ப, அந்தத் திருப்பத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுசெல்லுவது குறுக்கே கிடக்கின்ற டை ராடு. வளைவில் உட்பக்கத்துச் சக்கரம் சிறிய வட்டத்தில் செல்ல வேண்டியிருப்பதால், வெளிப்பக்கத்துச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். குதிரை வண்டிகள் ஓடிய காலத்திலேயே, 1817இல், ம்யூனிக் நகரத்து வண்டித் தொழிலாளி லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு உபாயம் கண்டார். மறு வருஷம் லண்டனில் ஆக்கர்மன் அதற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் ஆக்கர்மனின் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டது. கைத்தொழிலாளியின் பெயர் பின்னுக்குப் போய்விட்ட விஷயம் எனக்கு வருத்தத்தையே தருகிறது.

தேய்ந்த மூட்டைக் கழற்றிக் காட்டினார் மேஸ்திரி. குமிழை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்திருந்தது. அதன் வழியே மழை நீரும் செம்மண்ணும் உள்ளே புகுந்து, கிரீஸைக் கழுவிவிட்டு, குமிழை அராவியிருந்தன. சொற்ப விலையுள்ள அந்த உறை கிழிந்த அன்றே யாரேனும் கவனித்திருந்தால் மூட்டு பிழைத்திருக்கும். தேய்மானம் முற்றினால் குமிழ் தன் குழியிலிருந்து கழன்றுவிடும். டிராக் லிங்க் அப்படிக் கழன்றுவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் திரும்பாது. டிரைவருக்குப் பிரேக்கைத் தவிர வேறு துணையில்லை. ஆனால் அந்நிலை முன்னறிவிப்பின்றி வருவதில்லை. நேர்சாலையில் வண்டி அலைவதும், குழியில் இறங்கும்போது அடியில் 'டொக்' என்று ஓசை கேட்பதும், டயர் ஒரு பக்கமாகத் தேய்வதும் வெகு நாள் முன்பே தொடங்கிவிடுகின்றன.

டிரைவர் மறுபடியும் ஸ்குரூவைப் பற்றிக் கேட்டபோதுதான் மேஸ்திரி பேசினார். "அதை மட்டும் சொல்லாதீங்க தம்பி. ஆட்டம் பாக்ஸுல இல்லை. டைட் வெச்சா இங்க நல்லாத்தான் இருக்கும்; மூணாவது வளைவுல புடிச்சுக்கும்." இவ்வார்த்தையில் இத்தொழிலின் சாரமே அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கின்றன. நடுவிலுள்ள இடைவெளியை மறைக்கும்படி ஸ்குரூவை இறுக்கினால், தேயாத இரு ஓரங்களிலும் பற்கள் இறுகிப் போகின்றன. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் அந்த ஓரம் வரைக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இறுகி, வளைவு முடிந்த பிறகும் தானாகத் திரும்பி வராமல் நின்றுவிடுகிறது. கேட்டவர் திருப்தியடையும்படி ஒரு திருகு திருகி, உடனே கூலியும் வாங்கிக்கொள்ளலாம். அதை மறுக்கின்ற மன உறுதியைக் கைத்திறமைக்கும் மேலானதாக நான் மதிக்கிறேன். டை ராடு வளைந்தால் சூடேற்றி நிமிர்த்துவதையும், விரிசல் கண்ட உறுப்பை வெல்டிங் வைப்பதையும் அவர் இதே உறுதியுடன் மறுக்கிறார். தீ பட்ட எஃகு தன் பதத்தை இழந்துவிடுகிறது.

அன்றைய வேலையில் நான் வியந்து பார்த்தவை சிறு காரியங்களே. கூம்பு வடிவான பின்னை வெளியேற்ற மரையின் தலையில் அடிக்காமல், அது பொருந்தியிருக்கின்ற கண்ணின் ஒரு பக்கத்தில் கனத்த சுத்தியலை அண்டை கொடுத்து, மறுபக்கத்தில் ஓர் அடி அடித்தார்கள். பின் தானே பிடி தளர்ந்தது. டை ராடு எண்டைக் கழற்றுகையில் எத்தனை சுற்று வந்தது என்று பையன் உரக்க எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றினான். நட்டை இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் நுழைகின்ற துளை நேராக வராவிட்டால், தளர்த்தி நேராக்குவதில்லை. அடுத்த வெட்டு வரும் வரை மேலும் இறுக்குவதே விதி. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போட முயன்ற மற்றப் பையனின் கையிலிருந்து மேஸ்திரி அதை வாங்கி எறிந்துவிட்டார். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிப்பதற்கும் ஒரு முறை உண்டு: ஆக்ஸிலைத் தூக்கிப் பாரத்தை நீக்கிய பிறகு அடித்தால்தான், பாரம் அழுத்துகின்ற பக்கத்துக்கும் அது போய்ச் சேருகிறது. கடைசியில் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவேயுள்ள அகலத்தை அவற்றின் முன்புறத்திலும் பின்புறத்திலும் அளந்து, டை ராடைத் திருகிச் சரிசெய்தார்கள்.

வேலை நடக்கும்போதே மேஸ்திரி டிரைவருக்கு இறக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். டீசல் மிச்சமாகும் என்று என்ஜினை நிறுத்தி வண்டியை உருளவிடுகின்றவர்கள் உண்டு. என்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்கின் பம்ப் நின்று ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்கின் துணைவிசையும் சில மிதிகளில் தீர்ந்துபோகும். சாவியை உருவிவிட்டாலோ ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஓட்டத்தில் அந்தப் பம்பைச் சுழற்றுகின்ற பெல்ட் அறுந்தாலும் ஸ்டியரிங் கனக்குமே தவிர, சக்கரத்தோடு அதற்குள்ள தொடர்பு அறுவதில்லை. இதை அறியாதவர் பூட்டிக்கொண்டதாக எண்ணிக் கலங்கிக் கையை எடுத்துவிடுகிறார். "ரெண்டு கையாலயும் இழுங்க, வரும். ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு, கியரைக் குறைச்சு, மலைப்பக்கமா ஒதுங்கி நில்லுங்க" என்றார் மேஸ்திரி. பின்பக்கத்தில் தார்களை அளவுக்கு மீறி அடுக்கினால் முன் சக்கரங்கள் தரையில் ஊன்றாமல் ஸ்டியரிங் இலேசாகிவிடும் என்பதையும், அந்த இலேசை நல்ல குணமாக எண்ணி ஏமாறக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

பொழுது சாய்கின்ற வேளையில் வண்டி தயாராயிற்று. லோடு ஏற்றப் போகலாமா என்று டிரைவர் கேட்டார். "இன்னிக்கு வேண்டாங்க தம்பி. நாளைக்குக் காலி வண்டியா ஒருக்கா ஏறி எறங்கி நேரா இங்க வாங்க. நட்டெல்லாம் பார்த்து அனுப்புறேன், அப்புறம் லோடு ஏத்துங்க" என்றார் மேஸ்திரி. டிரைவர் வாழைத்தோட்டத்துக்காரரைப் போனில் அழைத்து, தார்களை மறுநாள் வெட்டும்படி கேட்டுக்கொண்டார்.