எங்கே அழுத்தலாம், எங்கே விடலாம்

பட்டறைக்குள் கால் வைத்ததும் ஈரப் பிளாஸ்டரின் வாசனைதான் முதலில் வருகிறது. அதற்குப் பின்னால் சூடான பிளாஸ்டிக்கின் நெடி. நீளமான மேசையில் வரிசையாக வைஸ்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புக் குழாய், அதன் நுனியில் ஒரு வெள்ளைக் கால். முட்டிக்குக் கீழே நாலைந்து அங்குலத்தில் முடிந்துவிடும் கால்கள். மாணவர்கள் இதை ‘மாடல்’ என்கிறார்கள். ஒவ்வொரு மாடலிலும் நோயாளியின் பெயரும் தேதியும் பென்சிலில் எழுதியிருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், செயற்கை உறுப்புகளும் துணைக்கருவிகளும் செய்யக் கற்பிக்கும் பட்டப்படிப்பின் செய்முறை வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். பயிற்சிக் காலத்தையும் சேர்த்தால் நாலரை வருஷப் படிப்பு. உடற்கூறியல், இயந்திரவியல், பொருளறிவியல் எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. ஆனால் படிப்பின் பாரம் இந்த மேசையில்தான் இறங்குகிறது.

“பாதம் ரெடிமேடா வருது. பைப் வருது, முட்டி ஜாயிண்ட் வருது. பணம் இருந்தா எது வேணும்னாலும் வாங்கிக்கலாம்” என்றார் ஆசிரியர். பிறகு ஒரு கிண்ணம் போன்ற மேல்பகுதியைக் கையில் எடுத்தார். “இந்த சாக்கெட்டை மட்டும் வாங்க முடியாது. ஒருத்தருக்குச் செஞ்சது இன்னொருத்தருக்கு ஆகாது. இது சரியில்லேன்னா மத்தது எவ்வளவு விலையா இருந்தாலும் வீட்டு மூலையிலதான் கிடக்கும்.”

சாக்கெட் என்பது மீதமிருக்கும் கால் போய் உட்காரும் உறை. அங்கேதான் உடம்பின் முழு எடையும் தோல் வழியாகப் பிளாஸ்டிக்குக்கு மாறுகிறது. குதிகாலின் தோல் எடை தாங்கப் பிறந்தது. கெண்டைக்காலின் தோல் அப்படியல்ல. அதை அந்த வேலைக்குப் பழக்குவதுதான் இந்தத் தொழிலின் சிக்கல்.

அன்று அளவெடுக்க வந்திருந்தவர் போளூர்ப் பக்கத்து விவசாயி, அறுபதைத் தாண்டியவர். கால் விரலில் வந்த புண்ணைச் சர்க்கரை ஆற விடவில்லை. விரலில் தொடங்கிய வெட்டு முட்டிக்குக் கீழே வந்து நின்றிருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மீதிக்காலுக்கு மெல்லிய பருத்தி உறையை மாட்டி, விரலால் தடவித் தடவி எலும்புகளைத் தேடினார். முட்டிச்சில்லு, அதற்குக் கீழே தசைநாண், கீழ்க்காலின் பெரிய எலும்பின் கூர்முனை, வெளிப்பக்கம் சிறு எலும்பின் தலை. ஒவ்வொன்றின் மேலும் ஊதாப் பென்சிலால் வட்டம் போட்டார். உறையில் போட்ட கோடு ஈரப் பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து மாடலுக்கும் போய்விடும்.

பிளாஸ்டர் கட்டுத்துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து சுற்றிய பிறகு இருப்பது சில நிமிடங்கள்தான். முட்டி லேசாக மடங்கியிருக்க, மாணவியின் இரண்டு கட்டைவிரல்களும் முட்டிச்சில்லுக்குக் கீழே தசைநாணின் இருபுறமும் அழுந்தின. மற்ற விரல்கள் பின்பக்கம் முட்டிக்குழியைத் தாங்கின. பிளாஸ்டர் இறுகும்வரை கை அசையக் கூடாது. அந்தக் கட்டைவிரல் பள்ளங்கள்தான் பின்னால் அவர் நிற்கப்போகும் திண்ணை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1950களின் கடைசியில் வகுக்கப்பட்ட இந்த முறையே, கருவிகள் எவ்வளவோ மாறிய பிறகும், முட்டிக்குக் கீழான காலுக்கு இன்றும் பால பாடம்.

“ஐயா, வலிக்குதுங்களா?”

“அட, வலியெல்லாம் பாத்தாச்சு கண்ணு. நீ அமுக்கு.”

பின்னால் நின்ற ஆசிரியர் குறுக்கிட்டார். “ஐயா, இந்தப் பொண்ணு பரீட்சை எழுதுது. நீங்கதான் பேப்பர் திருத்தணும். எந்த விரல் மொதல்ல உறுத்துது, சொல்லுங்க.” பெரியவர் யோசித்தார். “வெளிப்பக்கம். சுண்டுவிரல் பக்கத்துல சுருக்குன்னுது.” சிறு எலும்பின் தலைக்கு அருகில் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஒரு நரம்பு ஓடுகிறது. மாணவியின் விரல் நகர்ந்தது.

இந்த வகுப்பில் நான் கண்ட முக்கியமான பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். நம் ஊர் நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் மரியாதை அதிகம். படித்த பிள்ளை இவ்வளவு பாடுபடும்போது வலிக்கிறது என்று சொல்வதா என்ற கூச்சம். இலவசமாகக் கிடைக்கிற காலைக் குறை சொன்னால் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். “பரவால்ல சார்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு அனுப்பினால், ஒரே வாரத்தில் புண்ணோடு திரும்புவார். அல்லது திரும்பவே மாட்டார். அதனால் “வலிக்கிறதா” என்று கேட்க இங்கே மாணவர்களுக்கு அனுமதியில்லை. எங்கே முதலில் படுகிறது, நிற்கும்போதா நடக்கும்போதா, காலையிலா சாயங்காலமா என்றுதான் கேட்க வேண்டும்.

பிளாஸ்டர் உறையைக் கழற்றி, உள்ளே பிளாஸ்டர் கரைசலை ஊற்றி, நடுவில் குழாயை நட்டு இறுகவிட்டால் மாடல் கிடைக்கும். அது கால் எப்படி இருக்கிறது என்பதன் நகல். கால் எப்படி எடை தாங்கும் என்பது இனிமேல் அரத்தால் எழுதப்பட வேண்டும். துளைகள் கொண்ட சர்ஃபார்ம் அரத்தை ஆசிரியர் இழுக்க, துருவிய தேங்காயாகப் பிளாஸ்டர் உதிர்ந்தது. தசைநாணின் இடத்தில் ஆழமாக, கீழ்க்காலின் பெரிய எலும்பின் உட்பக்கச் சரிவில் கொஞ்சமாக, பின்பக்கச் சதையில் பரவலாகச் சுரண்டினார். பிறகு சிறு எலும்பின் தலையிலும், எலும்பின் கூர்விளிம்பிலும், கால் முடியும் நுனியிலும் புதுப் பிளாஸ்டரைக் குழைத்துப் பூசினார்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. மாடலில் சுரண்டினால் சாக்கெட் அங்கே காலை அழுத்தும். மாடலில் பூசினால் அங்கே காலுக்கு இடம் கிடைக்கும். கணக்கு தலைகீழ். முதல் வருஷத்தில் பயந்து எல்லா இடத்திலும் பூசிவிடுவார்களாம். அப்படிச் செய்த சாக்கெட் தொளதொளவென்று ஆகி, கால் உள்ளே வழுக்கி, நுனி போய் அடியில் இடிக்கும். இளகின மனசால் வரும் புண் அது. தாங்கக்கூடிய இடத்தில் துணிந்து அழுத்தினால்தான் தாங்காத இடத்தை விட்டுவைக்க முடியும்.

அடுப்பிலிருந்து பாலிபுரொப்பிலீன் தகடு, வெள்ளை நிறம் போய்க் கண்ணாடியாகத் தெளிந்து நடுவில் தொய்ந்ததும் எடுக்கப்பட்டது. கையுறை போட்ட இரண்டு பேர் அதைத் தூக்கி மாடலின் மேல் போர்த்தி, பின்பக்கம் விளிம்புகளைக் கிள்ளி ஒட்டினார்கள். வேக்குவம் பம்ப் காற்றை உறிஞ்ச, அரம் போட்ட ஒவ்வொரு பள்ளத்திலும் பிளாஸ்டிக் போய்ப் படிந்தது. ஆறியதும் வெட்டி, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினால் சாக்கெட் தயார்.

அடுத்து எந்தப் பாதம் என்ற கேள்வி. பெர்க்லியிலேயே உருவான ‘சாச்’ பாதம் கணுக்கால் மடங்காத, மெத்தென்ற குதிகால் கொண்ட எளிய பாதம். ஷூ போட்டுச் சமதளத்தில் நடக்கிறவருக்கு அது போதும். ஆனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிற, தரையில் குந்துகிற, சேற்றில் இறங்குகிறவருக்கு? ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் 1960களின் பிற்பகுதியில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து விடை கண்டார்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் ஸ்பாஞ்ச் ரப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை, சுற்றிலும் டயர் நூல், மேலே தோல் நிற ரப்பர். அச்சில் வைத்துச் சூடேற்றினால் எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். விபத்தில் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் மறுபடி மேடையேறி ஆடியது இந்த ஜெய்ப்பூர் காலோடுதான். டாக்டரையும் கைவினைஞரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

போளூர்ப் பெரியவர் ஆசைப்பட்டது வரப்பில் நடக்க. இணைக்கம்பிகளுக்கு நடுவே, கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். மாணவி தரையில் மண்டியிட்டு, பாதத்துக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் திருகுகளை அரைத் திருப்பு, கால் திருப்பு என்று மாற்றினார். நாலு எட்டு, பிறகு திருகு. மறுபடி நாலு எட்டு. கொஞ்ச நேரத்தில் காலைக் கழற்றித் தோலைப் பார்த்தார்கள். தசைநாணின் மேல் சிவந்திருந்தால் நல்லது, அங்கே சிவக்கத்தான் வேண்டும். சில நிமிஷங்களில் மறைகிறதா என்று பார்ப்பார்கள். எலும்பின் விளிம்பில் சிவப்பு நின்றுவிட்டால் சாக்கெட்டைத் திருத்த வேண்டும். “ஆளு பரவால்லம்பாரு. தோலுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது” என்றார் ஆசிரியர்.

முட்டிக்கு மேலே வெட்டியவர்களுக்குச் சவால் இன்னும் பெரிது. செயற்கை முட்டி எடை தாங்கும்போது மடங்கக் கூடாது, உட்காரும்போது நன்றாக மடங்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையமும், உயிரி மருத்துவத் தொழில்நுட்பத்துக்கான சொசைட்டியும், பெங்களூரின் மொபிலிட்டி இந்தியாவும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ‘கதம்’ முட்டி இதற்கு நம் பக்கத்து முயற்சி. ஒரே அச்சில் சுழலாமல் நான்கு இணைப்புகளால் ஆனது. அதனால் நிற்கும்போது சட்டென்று மடிந்து ஆளைக் கீழே தள்ளுவது குறையும். நெருக்கமான பஸ் சீட்டில் மடக்கி உட்காரவும் முடியும்.

அரத்துக்குப் பதிலாக ஸ்கேனரும் கணினியும் வந்துகொண்டிருக்கின்றன. போன வருஷத்து வடிவத்தைத் திறந்து இந்த வருஷத்துக் காலோடு ஒப்பிடலாம், பிளாஸ்டர் மாடல்களை அடுக்கிவைக்க இடம் தேட வேண்டாம். இதை ஆசிரியர் எதிர்க்கவில்லை. “ஸ்கேனருக்கு உருவம் தெரியும். எது மெத்துன்னு இருக்கு, எது கல்லு மாதிரி இருக்குன்னு தொட்டாத்தானே தெரியும்?” என்று மட்டும் கேட்டார். அதனால் கணினியில் செய்யப்போகிறவரும் முதலில் கையால் சில கால்களைச் செய்து கெடுத்துப் பழக வேண்டும் என்பது அவர் கட்சி.

கால் செய்வது மறுவாழ்வின் ஒரு பகுதிதான். வெட்டிய மறுநாளே வேலை தொடங்கிவிடுகிறது. பாசத்தால் வீட்டார் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். சில வாரம் அப்படியே இருந்தால் முட்டி மடங்கியபடி இறுகிப்போகும், பிறகு எந்தச் சாக்கெட்டும் உதவாது. எட்டு வடிவத்தில் கட்டுப்போட்டு வீக்கத்தை இறக்கப் பழக்க வேண்டும். இல்லாத பாதம் வலிக்கிறது என்பவரைப் பைத்தியம் என்று நினைக்காமல் இருக்க வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து இந்த மாய வலியைத் தணிக்க வழி காட்டினார். இன்று அது உலகெங்கும் பயன்படுகிறது.

வேலூருக்கு இதெல்லாம் புதிதல்ல. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். இந்த ஊரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்து, 1966இல் பாகாயத்தில் அதற்கென்று ஒரு நிலையம் திறக்கக் காரணமானவர். மரத்துப்போன தொழுநோய்ப் பாதங்கள் ஏன் புண்ணாகின்றன என்று டாக்டர் பால் பிராண்ட் ஆராய்ந்ததும் இங்கேதான். வலி தெரியாத பாதம் அழுத்தத்தாலேயே அழிகிறது என்பது அவர் கண்டது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லப்படும் பாத பராமரிப்பு அறிவுரைகளிலும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்பிலும் அந்தப் பாடம் இருக்கிறது. அதை ஊர் முழுக்கக் கேட்டு நடந்தால் இந்தப் பட்டறைக்கு வேலை பாதியாகும் என்று ஆசிரியரே சொல்கிறார்.

வேலை குறையும்வரை ஒரு விஷயம் மாறலாம். நம் முகாம்களில் எத்தனை கால் வழங்கப்பட்டது என்பதே கணக்கு. மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான். ஆனால் கால் வாங்கிய முதல் வருஷத்தில் மீதிக்கால் சுருங்கிக்கொண்டே போகும். மீதிக்காலுக்கு ஒரு துணியுறை போட்டவர் இரண்டு, மூன்று என்று போட்டுச் சமாளிப்பார், பிறகு சாக்கெட்டையே மாற்ற வேண்டிவரும். அதற்கு அவர் மறுபடி வர வேண்டும். கூலியை விட்டு, பஸ் ஏறி, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். முகாம் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருக்கும்.

ஆகவே எண்ண வேண்டியது கொடுத்த கால்களை அல்ல, ஒரு வருஷம் கழித்தும் போட்டு நடக்கிற கால்களை. அப்படி எண்ணத் தொடங்கினால் பயணப்படி, பழுதுபார்க்கும் செலவு, மாவட்டத்துக்கு மாவட்டம் அரம் பிடிக்கத் தெரிந்த ஒருவர் என்று செலவுப் பட்டியலே வேறாகிவிடும். வகுப்பு முடியும்போது மாணவி பெரியவரிடம் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார். “எல்லாம் சரியா இருந்தாலும் வரணுமா?” என்றார் அவர். “சரியா இருந்தா அதைச் சொல்லவே வாங்க. சரியில்லேன்னா திட்டறதுக்கு வாங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க ஐயா.”