பனி நகரங்களின் பாதைகள்

குளிர் மிகுந்தால் சாலை மிகுதியாகச் சிதையும் என்று எண்ணத் தோன்றும். கனடாவின் இரு நகரங்களை ஒப்பிட்டால் உண்மை வேறெனப் புலப்படும்.

வின்னிபெக் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 16 பாகை. வாரக்கணக்கில் நிலம் உறைந்தே கிடக்கும். குழிகள் பெரும்பாலும் பனி உருகும் வசந்தத்தில்தான் வாய் திறக்கும். மாண்ட்ரியலில் குளிர் சற்றுக் குறைவு. ஆயினும் நடுக்குளிர் காலத்திலேயே உறைவதும் உருகுவதும் அங்கே மாறி மாறி நிகழும்.

உறையும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். இஃது அல்லாஹ் அதற்கு அளித்த இயல்பு. விரிசலுள் இறங்கிய நீர் உறைந்து தாரைப் பிளக்கும். உருகியதும் அடியில் வெற்றிடம் எஞ்சும். வாகனச் சக்கரம் ஏறியவுடன் மேற்பரப்பு உடைந்து விழும். இச்சுழற்சி கூடக்கூடக் குழிகளும் கூடும். கடுங்குளிரில் சூடான தார்க்கலவை இட இயலாமையால், குளிர்கலவை கொண்டு தற்காலிகமாகவே அடைப்பர்.

உருகிய பனிநீர் தேங்கிய குழியின் ஆழம் மிதிவண்டியில் வருபவருக்குத் தெரியாது. நோயாளியை ஏற்றி விரையும் ஆம்புலன்சுக்கும் தெரியாது. பாதையில் துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இலையுதிர்காலத்திலேயே சிறு விரிசலைத் தேடி அடைக்கும் சாலைப் பணியாளரின் உழைப்பும் அந்நற்செயலைச் சார்ந்ததே.