உதிர்ந்த ஓரம்

முதலில் பார்த்தபோது அந்த ஸ்லைடில் ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்தேன். சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த நான்கு துணுக்குகள், அரிசிக் குறுணை அளவுக்கு. வீங்கிய இணைப்புத் திசு, விரிந்த ரத்தக் குழாய்கள், லிம்போசைட் கூட்டம். மேலே இருக்கவேண்டிய உட்பூச்சு மட்டும் காணோம். மணி மாலை ஐந்தரை. 'நாட்பட்ட அழற்சி' என்று டைப் அடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

சிறுநீர்ப்பையின் உட்பூச்சு ஐந்து முதல் ஏழு அடுக்கு செல்கள். உச்சியில் இருப்பவற்றுக்குக் குடை செல்கள் என்று பெயர். கீழே இருப்பவற்றைக் குடை மாதிரி மூடிக்கொண்டிருக்கும். இந்தப் பூச்சுக்கும் கீழே உள்ள திசுவுக்கும் நடுவில் மெல்லிய அடிப்படைச் சவ்வு. புற்றுநோய் அதைத் தாண்டிவிட்டதா, இல்லையா? எங்கள் வேலையில் பாதி இந்த ஒரு கேள்விதான்.

தாண்டாத புற்றுநோய்க்கு இரண்டு முகம். ஒன்று பாப்பிலரி வகை. கடல்பாசி போல விரல் விரலாக, உள்ளே நீளும். கேமரா விட்டுப் பார்க்கிற யூராலஜிஸ்டுக்கே தெரிந்துவிடும். இன்னொன்று தட்டையானது, கார்சினோமா இன் சிட்டு. கட்டி கிடையாது, சுவரில் கொஞ்சம் சிவப்பு, சில சமயம் அதுவும் இல்லை. 'ஆரம்ப நிலை' என்றதும் சாதுவானது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். இந்தத் தட்டை வகை பிறக்கும்போதே முரடு. அதன் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காது, உதிர்ந்து சிறுநீரில் போய்விடும். அதனால் பயாப்ஸியில் வெறும் ஓரம்தான் மிஞ்சும்.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்தது அல்ல. பயிற்சி முடித்த புதிதில் இதே மாதிரி ஒரு வெறும் ஓரத்தை அழற்சி என்று எழுதினேன். ஒரு வருடம் கழித்து அதே பெயரில் இன்னொரு துணுக்கு வந்தது. தசைக்குள் புற்றுநோய். பழைய பிளாக்கைத் தேடி எடுத்து மறுபடி வெட்டிப் பார்த்தேன். இருந்தது. அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அதனால் இந்தத் தடவை விண்ணப்பத் தாளைப் படித்தேன். ஆண், 61. எட்டு மாதமாக நீர்க்கடுப்பு. கல்ச்சர் மூன்று முறை செய்தும் கிருமி வளரவில்லை. நாற்பது வருடப் பீடி.

"அண்ணா, இந்த பிளாக்ல இன்னும் ஆழமா வெட்டித் தர முடியுமா?"

"மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு மேடம். பாத்து வெட்டறேன்" என்றார் டெக்னீஷியன்.

மறுநாள் ஆறு ஸ்லைடுகள். ஐந்தாவதில், ஒரு மடிப்பின் மூலையில், இருபது செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சாதாரணமாக இந்த இடத்துச் செல்லின் நியூக்ளியஸ், பக்கத்து லிம்போசைட்டைப் போல இரண்டு மடங்கு இருக்கும். இவை ஐந்து மடங்கு. மை கொட்டினாற்போல அடர்நீலம், கோணல்மாணலான விளிம்பு. ஆனால் அழற்சியிலும் நியூக்ளியஸ் பெருக்கும். இருபது செல்லை வைத்து ஒருவருக்குப் புற்றுநோய் என்று எழுதலாமா?

சீனியரிடம் கொண்டுபோனேன். ரொம்ப நேரம் பார்த்தார். "யூரின் சைட்டாலஜி கேளு" என்றார், அவ்வளவுதான். பாப் ஸ்மியர் புகழ் பாப்பனிகொலாவு 1945-இல் மார்ஷலுடன் சேர்ந்து எழுதிய பழைய முறை. உதிர்ந்தவை எங்கே போயின என்பதற்கு அங்கேதான் பதில். மூன்று நாள் மாதிரியிலும் அதே நீல நியூக்ளியஸ்கள். சிகே20 சாயம் சாதாரணமாகக் குடை செல்களில் மட்டும் பிடிக்கும். இங்கே அடிவரை பழுப்பு. எழுதினேன்.

ரிப்போர்ட் வாங்க அவரே வந்தார். எங்கள் அறைக்கு நோயாளிகள் வருவது அபூர்வம்.

"டாக்டரம்மா, கேன்சரா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"கேன்சர்தாங்க ஐயா. ஆனா இன்னும் சுவரைத் தாண்டல."

மருந்தைப் பற்றிக் கேட்டார். பிசிஜி, காசநோய்த் தடுப்பூசி மருந்துதான், வாரம் ஒரு தடவை, ஆறு வாரம், டியூப் வழியாகப் பைக்குள் விடுவார்கள் என்றேன். 1976-லிருந்து இந்தப் பழக்கம் இருக்கிறது. அவர் சட்டைக் கையை மேலே சுருட்டி இடது தோளிலிருந்த தழும்பைக் காட்டினார்.

"இதையா உள்ள விடப்போறாங்க?"

"அதேதான்."

"அப்ப புண்ணாகுமே."

ஆமாம், எரியும் என்றேன். தலையாட்டிவிட்டு ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில், பீடிக்கட்டு இருந்த பக்கமே வைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் மறுபடி உள்ளே பார்ப்பார்கள். துணுக்கு எடுத்தால் என் மேஜைக்குத்தான் வரும்.